அம்மாயியின் குழவி

நாள் 1: கோத்தகிரி - மண்டபம்

விடிகாலை நாலரைக்கு நானும் அம்மாவும் கோத்தகிரியில் பஸ் ஏறினோம். எதிரே இருக்கிற கடை தெரியாத அளவுக்குப் பனி. அம்மா மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் அம்மாயியின், அதாவது அம்மாவைப் பெற்றவரின், பழைய நூல் சேலையில் சுற்றிய அம்மிக் குழவி. நாலரைக் கிலோ. மேலே வைத்துவிடலாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. மேட்டுப்பாளையம் வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அம்மாயி போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. வருஷம் திரும்புவதற்குள் இந்தக் குழவியை அவர் பிறந்த தோட்டத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம். ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அம்மாயி பிறந்தது இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அவருடைய அப்பா சிறுவனாகத் துறையூர்ப் பக்கத்திலிருந்து, தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகிற கங்காணியோடு போனவர். 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத்துச் சனங்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கிவிட்டது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். அந்தப் பிரிவினையில்தான் எங்கள் வீடும் ரெண்டானது. அம்மாயியின் மாமனார் இந்தியாவுக்கு எழுதிப் போட்டார். தங்கை வாக்கப்பட்ட வீட்டில் இலங்கைக்கு எழுதினார்கள். அக்காவையும் தங்கையையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1974-இல் அம்மாயி கிளம்பியபோது அவர்கள் அம்மா அரைத்த அம்மி வீட்டில் இருந்தது. தகரப் பெட்டியில் அம்மி கொள்ளாது. குழவியை மட்டும் சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டார். அம்மி தங்கையோடு நின்றுவிட்டது. கோத்தகிரிக்கு வந்து ஒரு புது அம்மி வாங்கி, ஐம்பது வருஷம் அந்தக் குழவியாலேயே அரைத்தார். கறுப்பு அம்மி, சாம்பல் நிறக் குழவி. எல்லார் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

மண்டபம் வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. முகாமை வெளியே நின்றுதான் பார்த்தோம். இப்போது இலங்கை அகதிகளுக்கான முகாம், அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களை நிறுத்திவைத்து, நோய் நொடி இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிய இடம் இதுதான். அம்மாயியின் அப்பா இங்கே நின்றுதான் போனாராம். மகள் திரும்பி வந்து நின்றதும் இதே இடத்தில்தான்.

அப்போது அம்மாவுக்கு எட்டு வயது. மலையில் பிறந்த குழந்தைக்கு இந்த மணல் சூடு தாங்கவில்லை. செருப்பில்லாத காலோடு நிழலுக்கு நிழல் ஓடியது நினைவிருக்கிறது என்றார். குடும்ப அட்டைக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, எந்த ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தெரியாமல் மூன்று வாரம். "அந்த மூணு வாரமும் எங்க அம்மா வாயே தெறக்கல. அதுக்கப்புறமும் அப்படியே பழகிருச்சு" என்று சொல்லிவிட்டு, கம்பி வேலியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நாள் 2: தனுஷ்கோடி

காலையில் அரிச்சல்முனை வரைக்கும் போனோம். இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்துச் சுவரையும் பார்க்க நல்ல கூட்டம். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு எழும்பூரில் ரயில் ஏறுகிறவர் இங்கே இறங்கிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போகலாம். போட் மெயில் என்று சொல்வார்கள். 1964 டிசம்பர் புயலில் இந்த ஊரே போனது. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதனால் ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்கு தனுஷ்கோடி கிடைக்கவில்லை, ராமேஸ்வரத்தில்தான் இறங்கினார்கள்.

முனையில் நின்றபோது என் போனுக்கு இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் போனையே கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கப்பல் இப்போது இல்லை, போர் வந்ததும் நின்றுபோனது. மதுரை வந்து தங்கினோம்.

நாள் 3: மதுரை - கொழும்பு

மதுரை விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஸ்கேனரில் அது என்னவென்று பிடிபடவில்லை போல. அங்கிருந்த பெண் சேலையை விலக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கல்லா?" என்று கேட்டார். "எங்கம்மாவோட குழவிங்க" என்றார் அம்மா. அந்தப் பெண் சேலையைத் திரும்ப நன்றாகச் சுற்றி, இரண்டு துண்டுக்கு நடுவில் தானே வைத்துக் கொடுத்தார்.

அம்மா உட்கார்ந்ததும் குழவியின் முனையில் இருக்கும் சில்லைப் பற்றிச் சொன்னார். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பெயர்வு. தலைமன்னாரில் பெட்டியைச் சோதித்தவர் உள்ளே நகை ஒளித்திருப்பதாக நினைத்துக் குழவியைத் தட்டிப் பார்த்தார், கை நழுவிக் கீழே விழுந்தது, அப்போது உடைந்தது என்று. நான் பிறந்ததிலிருந்து கேட்ட கதை இது.

பறக்கத் தொடங்கியதும் இறங்குவதாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு மணி நேரம்கூட இல்லை.

நாள் 4: கோச்சி

ரயிலுக்கு அம்மாயி கடைசி வரைக்கும் கோச்சி என்றுதான் சொல்வார். ரொட்டிக்குப் பாண், சோப்புக்குச் சவுக்காரம், டீக்குத் தேத்தண்ணி. நான் பள்ளிக்கூடத்தில் பாண் என்று சொல்லி, "சிலோன்காரங்க" என்று மற்ற பிள்ளைகள் சிரித்து, அழுதுகொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறேன். இன்று கொழும்பு கோட்டை நிலையத்தில் சிற்றுண்டி விற்றவர், "பாண் இருக்கு, வேணுமா?" என்று தமிழில் கேட்டபோது ரெண்டு வாங்கினேன். பசி இல்லை. அந்தச் சொல்லுக்காக வாங்கினேன்.

காலை எட்டரைக்கு உடரட்ட மெனிக்கே ரயில். ரம்புக்கனை தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. கடுகண்ணாவை, பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி. ஒவ்வொரு பெயரும் அம்மாயி வாயில் கேட்டது. பெட்டி முழுக்க வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள், வாசலில் காலைத் தொங்கவிட்டுப் படம் எடுக்கிறார்கள். இந்தப் பாதையைப் போட்டதே தோட்டத்துச் சரக்கை இறக்குவதற்குத்தான், முதலில் கோப்பி, அது நோயில் அழிந்த பிறகு தேயிலை. பாதை வருவதற்கு முன்னால் வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்தே வந்தார்கள். பாதியில் விழுந்து செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. 2023-இல் இருநூறு வருஷ நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் அவர்கள் பேரப்பிள்ளைகள் மறுபடி நடந்தார்கள்.

ஹட்டன் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம். உள்ளே போனதும் இருட்டு, பெட்டியில் எல்லாரும் கூச்சல் போட்டார்கள். அம்மா என் கையைப் பிடித்தார். வெளிச்சம் வந்த பிறகும் விடவில்லை.

"அன்னிக்கு இந்தச் சுரங்கத்துக்குள்ள எல்லாரும் அழுதாங்க. வெளிச்சத்துல அழ வெக்கப்பட்டுக்கிட்டு இருந்த ஆம்பளைங்க எல்லாம் இருட்டுல சத்தம் போட்டு அழுதாங்க."

இந்தியா போகிறவர்கள் ஏறிய ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்றே பேர். தலவாக்கலை நிலையத்தில் தங்கை ஜன்னல் கம்பியை விடாமல் ரயிலோடு கூடவே ஓடி, மேடை முடிகிற இடத்தில் நின்றுவிட்டாராம். இன்று மதியம் அதே மேடையில் இறங்கினோம். அம்மா ஒரு முறை அந்தக் கடைசி வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

நாள் 5: தோட்டம்

அம்மாயியின் தங்கை, எங்கள் சின்னம்மாயிக்கு எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. லயத்தில் தொங்கல் காம்பரா, அதாவது கடைசி வீடு. லயம் என்றால் பத்து வீடு ஒரே கூரையின் கீழ் ஒட்டி இருக்கிற நீள வரிசை. இஸ்தோப்பு என்கிற வாசல் தாழ்வாரம், காம்பரா என்கிற ஒரே அறை, பின்னால் தகரம் வைத்து இழுத்த குசினி என்கிற சமையல்கட்டு. அம்மா பிறந்தது இதே லயத்தில் நாலாவது வீட்டில். இப்போது வேறு குடும்பம். அந்த வீட்டுப் பெண் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

இந்த ஐம்பது வருஷத்தில் அக்காவும் தங்கையும் ஒரு தடவைகூட நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. முதலில் கையில் காசு இல்லை, அப்புறம் கப்பல் இல்லை, காசு வந்த காலத்தில் அம்மாயிக்கு முழங்கால் போய்விட்டது. கடைசிப் பத்துப் பதினைந்து வருஷம் போனில் குரல் மட்டும். எங்களைப் பார்த்ததும் சின்னம்மாயி அழுவார் என்று நினைத்திருந்தேன். அழவில்லை. அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் தடவி, "அக்கா மாதிரி இல்ல நீ. உங்கப்பன் மாதிரி இருக்க" என்றார்.

அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வலது ஆள்காட்டி விரலின் உள்பக்கம் காய்த்துப்போய், குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள். தேயிலைக் கறை வெடிப்புக்குள் இறங்கி நின்றுவிட்ட கோடு. அம்மாயிக்கும் அதே விரலில் அதே இடத்தில் இருந்தது. வேலையை விட்டு இருபது வருஷம் ஆகியும் போகவில்லை. குளிப்பாட்டிக் கிடத்தியபோதும் இருந்தது. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆளுக்கொரு மலையில், ஒரே மாதிரி தலைக்கயிறு போட்டுக் கூடை சுமந்து, இடுப்பில் படங்குத் துணி கட்டி, ஒரே கொழுந்தைக் கிள்ளியிருக்கிறார்கள். கோத்தகிரியில் அம்மாயி வேலை செய்தது இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கென்றே தமிழ்நாடு அரசு போட்ட தேயிலைத் தோட்டத்தில்.

அம்மா பையைத் திறந்து குழவியை எடுத்து மடியில் வைத்தார். சின்னம்மாயி அதை உருட்டிப் பார்க்கவில்லை. நேராக முனையைத் தடவினார். சில்லு பெயர்ந்த இடம் விரலில் பட்டதும் சிரித்தார்.

"இது நான் போட்டு உடச்சது. ஏழு வயசு இருக்கும். தண்ணி கொட்டுற பீலிக்கரையில கழுவுறேன்னு தூக்கிட்டுப் போயி கல்லு மேல போட்டுட்டேன். நாந்தான் ஒடச்சேன்னு அக்கா சொல்லிருச்சு. எங்கம்மா அக்காவத்தான் அடிச்சது."

அம்மா என்னைப் பார்த்தார். தலைமன்னார் கதையை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தலைமன்னாரில் கல் விழுந்தது உண்மையாகவே இருக்கலாம். எட்டு வயதுக் குழந்தை விழுந்ததைப் பார்த்தது, உடைந்திருந்ததையும் பார்த்தது.

மத்தியானத்துக்கு மேல் சின்னம்மாயி அக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். கேட்கக் கேட்க அவர் வேறு யாரையோ சொல்கிறார் என்று தோன்றியது. எங்களுக்குத் தெரிந்த அம்மாயி பேசாதவர். பேரப்பிள்ளைகளுக்கு வாஞ்சையாகத் தலை வாரிவிடுவார், தட்டில் சோறு குறைந்தால் கேட்காமல் போடுவார், ஆனால் பேச்சு ரெண்டு வார்த்தைதான். அம்மாவுக்குத் தெரிந்தவர் இன்னும் கறார், கோபம் வந்தால் கரண்டிக் காம்புதான் பேசும். சின்னம்மாயி சொன்ன அக்காவோ வாயாடி.

"கொழுந்து நிறுக்கிறப்ப கணக்கப்பிள்ளை தண்ணிக்கு, கூடைக்குன்னு றாத்தல் கணக்குல எடைய வெட்டுவான். எல்லாம் வாய மூடிட்டு வருவோம். ஒரு நாளு மழையே இல்ல, காஞ்ச கொழுந்து, அதுக்கும் வெட்டுனான். அக்கா கூடைய அப்பிடியே அவன் காலடியில கவுத்துட்டு உக்காந்துருச்சு. மறுபடி நிறு, அப்பதான் எந்திரிப்பேன்னு. பின்னால நின்ன பொம்பளைங்க ஒவ்வொருத்தரா உக்காந்தாங்க. பெரிய தொரை வந்துட்டாரு. மறுபடி நிறுத்தாங்க. மூணு றாத்தல் கூட வந்துச்சு."

"எங்கம்மாவா?" என்று கேட்டார் அம்மா.

"வேற யாரு? செத்த வீட்டுக்கு ஒப்பாரி வைக்கவும் அக்காவத்தான் கூப்புட்டு ஆள் வரும். அடுத்த தோட்டத்துல இருந்தெல்லாம் வருவாங்க."

அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். எனக்குக் காரணம் தெரியும். கோத்தகிரியில் அம்மாயி பாடி நாங்கள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவர் இறந்தபோது ஒப்பாரி தெரிந்தவர் யாரும் எங்கள் வீட்டில் இல்லை. ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு ஓடியது.

நாள் 6: பீலிக்கரை

அம்மி பீலிக்கரைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. இப்போது வீட்டுக்குள் மிக்சி இருப்பதால் அம்மி மேல் துணி துவைக்கிறார்கள். சாம்பல் நிறம், குழவியின் நிறமேதான். நடுவில் நல்ல குழி விழுந்திருக்கிறது.

சின்னம்மாயி காலையிலேயே தேங்காய் நார் வைத்துத் தேய்த்துக் கழுவி, ஒரு பிடி அரிசியை அரைத்துக் கொட்டி, திரும்பக் கழுவினார். தேங்காய்ப்பூ, செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு. ரொட்டிக்குச் சம்பல். நாங்கள் கொண்டுவந்த குழவியை வைத்து இழுத்தார். ஓடவில்லை. அம்மியில் விழுந்த குழி வேறு குழவிக்கு விழுந்தது, இந்தக் குழவி தேய்ந்தது வேறு அம்மிக்குத் தேய்ந்தது. நடுவில் தட்டி நின்றது. சம்பல் ஒரு பக்கம் கூழாகவும் ஒரு பக்கம் பூவாகவும் கிடந்தது. அவர் நிறுத்தவில்லை. உட்கார்ந்தபடி முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருந்தார், குழவி தட்டுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தத் தட்டுக்குச் சரியாக மெல்ல இழுத்துப் பாடத் தொடங்கினார்.

கடல் தாண்டிப் போனவளே, என் கூடப் பொறந்தவளே,
கல்லு வந்து சேந்திருச்சே, நீ கையோட வரலியே...

அடுத்த வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். ஒரு வயதான அம்மா பக்கத்தில் வந்து தோளில் கை போட்டு இரண்டாவது வரியை வாங்கிக்கொண்டார். அம்மாவுக்கு இந்தப் பாட்டு முறை தெரியாது. நடுவில் உட்கார்ந்து, அவர்கள் ஆடுகிற பக்கமே ஆடிக்கொண்டு, பதினோரு மாதமாக அழாத அழுகையை அழுதார். நான் போனை எடுக்கவில்லை.

முடிந்ததும் சின்னம்மாயி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரொட்டி ஆறிரும், சாப்புடுங்க" என்றார். அந்தச் சம்பலைத்தான் தின்றோம். காரம் கண்ணில் நீர் வரவைத்தது.

சாயங்காலம் மாரியம்மன் கோயிலுக்கும், ஸ்டோர் என்கிற தேயிலை ஃபாக்டரிக்குப் பக்கத்திலிருக்கும் ரோதைமுனிக்கும் சூடம் கொளுத்தினோம். இயந்திரச் சக்கரத்துக்குக் காவலாக நிற்கிற சாமி. அம்மாயி கோத்தகிரியில் எந்த ஃபாக்டரியைத் தாண்டினாலும் கன்னத்தில் போட்டுக்கொள்வார், யாரைக் கும்பிடுகிறார் என்று இப்போதுதான் தெரிந்தது. சின்னம்மாயியின் பேரன் மனைவி மலையிலிருந்து இறங்கி வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார். ஒரு நாள் சம்பளத்தை 1,000 ரூபாய் ஆக்குவதற்கு 2021 வரைக்கும் எத்தனை வருஷம் கத்தினோம் தெரியுமா என்று நடந்துகொண்டே சொன்னார். "உங்க பாட்டி இருந்திருந்தா சீக்கிரம் வாங்கியிருப்போம்" என்றார். கூடை கதை லயம் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

நாள் 7: திரும்புதல்

கிளம்பும்போது அம்மா குழவியை அம்மிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கும்பிட்டார். சின்னம்மாயி குசினிக்குள் போய், இத்தனை வருஷம் தான் அரைத்த குழவியை எடுத்து வந்தார். கறுப்புக் கல், கொஞ்சம் குட்டை. அக்கா இந்தியா போன அந்த வருஷம் தலவாக்கலைச் சந்தையில் வாங்கியது.

"வெறும் பையோட போவாத. அக்கா அம்மி அங்க சும்மாதான கெடக்கும்?"

அம்மா மறுக்கவில்லை. அதே நூல் சேலையில் சுற்றினார்.

நாள் 9: கோத்தகிரி

நேற்று இரவு வந்து சேர்ந்தோம். இன்று காலை அம்மா முதல் வேலையாக அம்மாயியின் அம்மியைக் கழுவி, புதுக் குழவியை வைத்து ஒரு துண்டு இஞ்சியை நசுக்கிப் பார்த்தார். ஓடவில்லை. இதுவும் நடுவில் தட்டுகிறது. இரண்டையும் கொத்தி எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்.

முன்பெல்லாம் மாதம் ஒரு தடவை அம்மி கொத்துகிறவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார். இப்போது வருவதில்லை. மேட்டுப்பாளையம் சந்தைப் பக்கம் ஒருவர் இருக்கிறாராம். இந்தப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டைக் காட்டச் சொல்லி, கீழ்த் தெருக் கடையில் சொல்லி வைத்திருக்கிறோம்.